மேலாண்மை முறைமைத் தணிக்கையாளர் ஆவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடிட்டர் என்றால் வரிக்கணக்குப் பார்ப்பவர்தானே? இது வேறா?

வேறு. தமிழில் ஆடிட்டர் என்றதும் வரவு செலவு, வரித் தாக்கல் என்றே மனம் போகும். இங்கே பேசுவது பணக்கணக்கைப் பற்றி அல்ல. ஒரு நிறுவனம் தன் வேலையை எப்படித் திட்டமிடுகிறது, திட்டமிட்டபடி செய்கிறதா, தவறினால் எப்படிக் கண்டுபிடித்துத் திருத்துகிறது என்ற மொத்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் மேலாண்மை முறைமை. அந்த ஏற்பாடு ஐஎஸ்ஓ 9001 (தர மேலாண்மை) போன்ற ஒரு தரநிலைக்குப் பொருந்துகிறதா என்று ஆதாரம் திரட்டி முடிவு சொல்பவர் மேலாண்மை முறைமைத் தணிக்கையாளர்.

இவர் பொருளைச் சோதிப்பவரும் அல்ல. ஒரு பற்சக்கரம் அளவுக்குள் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது ஆய்வாளரின் வேலை. அளந்தவருக்கு அளக்கத் தெரியுமா, அளந்த கருவியை நம்பலாமா, அளவு தப்பிய பற்சக்கரம் எங்கே போகிறது என்று கேட்பது தணிக்கையாளரின் வேலை. இந்த வித்தியாசம் மனதில் பதியாதவர்கள்தான் முதல் தணிக்கையிலேயே வெர்னியரைக் கையில் வாங்கிப் பொருளை அளக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

வேலை எங்கெல்லாம் இருக்கிறது?

மூன்று இடங்களில். நிறுவனம் தன்னைத் தானே பார்த்துக்கொள்வது முதல் தரப்புத் தணிக்கை, அதாவது உள் தணிக்கை. தனக்குப் பொருள் தருபவரை வாங்குபவர் போய்ப் பார்ப்பது இரண்டாம் தரப்பு. தொழிலில் இதை சப்ளையர் ஆடிட் என்பார்கள். இருவரையும் சாராத சான்றளிப்பு அமைப்பு வந்து பார்த்துச் சான்றிதழுக்குப் பரிந்துரைப்பது மூன்றாம் தரப்பு.

புதியவர்கள் எல்லாருடைய கண்ணும் மூன்றாவதின் மேலேயே இருக்கிறது. ஆனால் தொழில் கற்றுக்கொள்ள நல்ல இடம் முதல் இரண்டும்தான். உள் தணிக்கையில் ஒரு குறையைக் கண்டால் அது பிறகு என்ன ஆனது, திருத்தம் நிலைத்ததா என்று மாதக்கணக்கில் உடனிருந்து பார்க்க முடியும். வெளியிலிருந்து இரண்டு நாளுக்கு வந்து போகிறவருக்கு அந்தப் பாடம் கிடைக்காது. சப்ளையர் ஆடிட்டில் வேறொரு லாபம் உண்டு: ஒரே வேலையைப் பத்து நிறுவனங்கள் பத்து விதமாகச் செய்வதைப் பார்க்கிறீர்கள்.

என்ன படித்திருக்க வேண்டும்? எத்தனை வருட அனுபவம் தேவை?

எல்லாருக்கும் பொதுவான ஒரே பட்டம் என்று இல்லை. பொறியாளர், வேதியியல் படித்தவர், செவிலியர், மென்பொருள் துறையினர், உணவுத் தொழில்நுட்பம் படித்தவர் என எல்லாரும் இதில் இருக்கிறார்கள். பட்டத்தைவிட முக்கியம் நீங்கள் எந்தத் தொழிலில் வேலை பார்த்தீர்கள் என்பது. சான்றளிப்பு அமைப்புகள் தொழில்களை 39 பிரிவுகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. இதை ஐஏஎஃப் கோடு (IAF code) என்பார்கள்; ஐஏஎஃப் என்பது சர்வதேச அங்கீகார மன்றம். கட்டுமானம் 28, சுகாதாரம், சமூகப் பணி 38 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். உங்களுக்கு எந்தக் கோடு வழங்கப்படுகிறதோ அந்தத் தொழில்களில்தான் உங்களை அனுப்ப முடியும். வார்ப்பாலையில் ஆறு வருடம் இருந்தவருக்கு உலோகக் கோடு கிடைக்கும். மருத்துவமனைக் கோடு கிடைக்காது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்: பயிற்சிச் சான்றிதழ் கையில் இருக்கிறது, கோடு வழங்க ஆதாரமான அனுபவம் இல்லை.

வருடக் கணக்குக்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. தணிக்கைக்கான வழிகாட்டியான ஐஎஸ்ஓ 19011, தன் 2002 பதிப்பில் ஓர் அட்டவணை தந்திருந்தது: மொத்தம் 5 வருட வேலை, அதில் 2 வருடமாவது தரம் அல்லது சுற்றுச்சூழல் சார்ந்தது, 40 மணி நேரப் பயிற்சி, பயிற்சித் தணிக்கையாளராக 4 முழுத் தணிக்கைகள், அவை சேர்ந்து 20 நாட்களுக்குக் குறையாமல். அணித் தலைவராக வேண்டுமென்றால் மேலும் 3 தணிக்கைகள், 15 நாட்கள். பிந்தைய பதிப்புகள் அட்டவணையை விட்டுவிட்டு, திறமை இருக்கிறதா என்று மதிப்பிடச் சொல்கின்றன. ஆனாலும் உங்களை நீங்களே அளந்துகொள்ள அந்த அட்டவணை இன்றும் உதவும்.

எந்தத் தரநிலையில் தொடங்குவது?

நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்கு எது பக்கத்தில் இருக்கிறதோ அதில். தெளிவில்லை என்றால் ஐஎஸ்ஓ 9001. 1987-ல் வந்த இந்தத் தரநிலை எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும். அதோடு ஐஎஸ்ஓ 14001 (சுற்றுச்சூழல்), 45001 (பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம்), 27001 (தகவல் பாதுகாப்பு), 22000 (உணவுப் பாதுகாப்பு), 50001 (ஆற்றல்) எல்லாமே பத்துப் பிரிவு கொண்ட ஒரே எலும்புக்கூட்டில் கட்டப்பட்டவை. முதல் மூன்றும் அறிமுகம்; பிறகு 4 சூழல், 5 தலைமை, 6 திட்டமிடல், 7 ஆதரவு, 8 செயல்பாடு, 9 மதிப்பீடு, 10 மேம்பாடு. ஒன்றைச் சரியாகக் கற்றால் அடுத்ததில் பாதி தெரிந்த சங்கதி.

மீதிப் பாதிதான் கடினம். 14001-க்கு அந்தந்த இடத்தின் சுற்றுச்சூழல் சட்டம் தெரிய வேண்டும். 45001-ல் ஆபத்தை நீக்குவது, மாற்றுவது, பொறியியல் தடுப்பு, நிர்வாகக் கட்டுப்பாடு, கடைசியாகத்தான் ஹெல்மெட்டும் கையுறையும் என்ற ஐந்து படி வரிசையைக் களத்தில் அடையாளம் காணத் தெரிய வேண்டும். 27001-ன் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள், அவற்றில் 34 தொழில்நுட்பம் சார்ந்தவை. நெட்வொர்க், அணுகல் உரிமை, பேக்கப் பற்றி அறியாதவர் அங்கே உட்கார்ந்து கேள்வி கேட்க முடியாது. வாகன உதிரிபாகத் துறையின் ஐஏடிஎஃப் 16949-க்கு வழியே தனி: அந்தத் துறை அமைப்பு அங்கீகரித்த சான்றளிப்பு அமைப்பு மூலமாகத் தனித் தேர்வு எழுத வேண்டும். பொதுவான லீட் ஆடிட்டர் (தணிக்கை அணித் தலைவர்) பயிற்சி அதற்குப் போதாது.

ஐந்து நாள் லீட் ஆடிட்டர் பயிற்சி முடித்தால் லீட் ஆடிட்டர் ஆகிவிடுவேனா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். அந்தப் பயிற்சி 40 மணி நேரம். தேர்வில் வென்றால் ‘பயிற்சியை வெற்றிகரமாக முடித்தவர்’ ஆகிறீர்கள். லீட் ஆடிட்டர் என்பது அணியை நடத்திக் காட்டிய பிறகு வருவது. பெயருக்குப் பின்னால் ‘லீட் ஆடிட்டர்’ என்று போட்டுக்கொண்டு ஒரு தணிக்கை கூடச் செய்யாதவரின் விண்ணப்பத்தை, சான்றளிப்பு அமைப்பின் அனுபவமுள்ள தொழில்நுட்ப மேலாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

படி வரிசை இப்படி: தரநிலையைப் படிப்பது, இரண்டு நாள் உள் தணிக்கையாளர் பயிற்சி, சொந்த நிறுவனத்தில் உள் தணிக்கைகள், பிறகு 40 மணி நேரப் பயிற்சி, பார்வையாளராக, பயிற்சித் தணிக்கையாளராக, தணிக்கையாளராக, கடைசியில் அணித் தலைவராக. 40 மணி நேரப் பயிற்சியை நான்கைந்து உள் தணிக்கைகளுக்குப் பிறகு செய்வதே மேல். வகுப்பில் தரும் மாதிரி நிறுவனத்தின் ஆவணங்களைப் படிக்கும்போது ‘இதை நான் பார்த்திருக்கிறேன்’ என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றாதவருக்கு ஐந்து நாளும் மனப்பாடமாகவே போகும்.

பயிற்சி நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தணிக்கையாளர் பயிற்சிகளை அங்கீகரிக்கும் அமைப்புகளான சிக்யூஐ ஐஆர்சிஏ அல்லது எக்ஸெம்ப்ளர் குளோபல் அங்கீகரித்த பயிற்சியா என்று பாருங்கள். விளம்பரத்தில் முத்திரை இருப்பது போதாது. அந்த அமைப்புகளின் தளத்திலேயே பயிற்சி நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். பயிற்சியில் குழு வேலை, தணிக்கை நடிப்பு, தொடர் மதிப்பீடு, எழுத்துத் தேர்வு எல்லாம் உண்டா என்று கேளுங்கள். தேர்வே இல்லை, இரண்டு நாளில் லீட் ஆடிட்டர் என்றால் விலகிவிடுங்கள்.

சான்றிதழின் வாசகத்தையும் கவனியுங்கள். ‘கலந்துகொண்டார்’ என்பதும் ‘வெற்றிகரமாக முடித்தார்’ என்பதும் ஒன்றல்ல. தேர்வில் தவறியவருக்கும் முதல் வகை கிடைக்கும். சான்றளிப்பு அமைப்புகள் ஏற்பது இரண்டாவதை மட்டுமே.

தரநிலையை எப்படிப் படிப்பது? படித்தால் தூக்கம் வருகிறதே!

வரிசையாகப் படிப்பதால் வருகிறது. அச்சுப் பிரதி ஒன்று வாங்கி, ஆங்கிலத்தில் ‘ஷால்’ (shall) வரும் ஒவ்வொரு வரியையும் அடிக்கோடிடுங்கள். அது கட்டாயம். ‘ஷுட்’ (should) என்றால் பரிந்துரை, ‘நோட்’ (note) என்றால் விளக்கம். இவை இரண்டின் மீதும் குறை எழுத முடியாது. பிறகு ஒவ்வொரு ‘ஷால்’ பக்கத்திலும் பென்சிலால் இரண்டு விஷயம் எழுதுங்கள்: இதை நிரூபிக்க என்ன காட்டுவார்கள்? யாரிடம் கேட்பேன்? 8.4-க்கு வந்தால் ‘சப்ளையர் மதிப்பீட்டுப் பதிவு, வாங்கும் ஆணை, கொள்முதல் பிரிவு’ என்று எழுதுவீர்கள். நூறு வரிகளுக்கு மேல் வரும். அதைச் செய்து முடித்தால் உங்கள் சொந்தச் செக்லிஸ்ட் தயார்.

பதிப்பைச் சரிபாருங்கள். பிப்ரவரி 2024-ல் 9001 உட்படப் பல தரநிலைகளின் 4.1, 4.2 பிரிவுகளில் பருவநிலை மாற்றம் பற்றிய வாசகம் சேர்ந்தது. பழைய பிரதியில் படித்தவர் அதைக் கேட்கவே மாட்டார். இன்னொரு பழைய நினைவும் தொல்லை தருகிறது: தரக் கையேடு எங்கே, மேலாண்மைப் பிரதிநிதி யார் என்று கேட்டு, இல்லையென்றதும் குறை எழுதுவது. 2015 பதிப்பு இரண்டையும் கட்டாயமாக்கவில்லை.

முதல் உள் தணிக்கையை எப்படி நடத்துவது?

சிறியதாக எடுங்கள். ஒரு துறை, அரை நாள். உங்கள் சொந்தத் துறை வேண்டாம். தன் வேலையைத் தானே தணிக்கை செய்தால் நடுநிலை போய்விடும்.

ஒரு வாரம் முன்பே அந்தத் துறையின் நடைமுறை, இலக்குகள், போன தணிக்கை அறிக்கை, வாடிக்கையாளர் புகார்கள் ஆகியவற்றை வாங்கிப் படியுங்கள். இதற்கு இரண்டு மூன்று மணி நேரம் செலவிடாமல் உள்ளே போனால் பொதுவான கேள்விகளையே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தொடக்கக் கூட்டம் பத்து நிமிடம் போதும்: எதைப் பார்க்கப் போகிறோம், யாரைச் சந்திப்போம், கண்டதை எப்படிச் சொல்வோம். அதன் பிறகு மீட்டிங் அறையில் உட்கார வேண்டாம். வேலை நடக்கும் இடத்துக்கு நடந்து போங்கள். ஆவணத்தை மேஜைக்கு வரவழைத்துப் பார்த்தால், காட்ட விரும்பியதுதான் மேஜைக்கு வரும்.

நடப்பதைக் குறித்துக்கொள்ளும்போது எண், தேதி, பதிப்பு மூன்றையும் விடாதீர்கள். ‘வேலை ஆணை பார்த்தேன், சரி’ என்ற குறிப்பு மாலையில் அறிக்கை எழுதும்போது எதற்கும் உதவாது. சரியாக இருந்தவற்றுக்கும் எண் எழுதுங்கள். ‘இணக்கம்’ என்று சொல்வதற்கும் ஆதாரம் வேண்டும்.

ஆடிட் டிரெயில் என்கிறார்களே, அது என்ன?

ஒரு நூலின் முனையைப் பிடித்து அது போகும் வழியெல்லாம் போவது. தணிக்கையின் உயிர் இதில்தான் இருக்கிறது. பிரிவு எண் வரிசையில் கேள்வி கேட்பவர் துண்டு துண்டாகப் பார்க்கிறார். நூலைப் பிடித்துப் போகிறவருக்குத் துறைகள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகள் தெரிகின்றன. கோளாறுகள் அந்த மூட்டுகளில்தான் குடியிருக்கின்றன.

ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். அனுப்பீட்டுப் பதிவேட்டில் போன மாதம் போன ஒரு லாட்டை, அதாவது ஒரு தொகுதிப் பொருளை, நீங்களே தேர்ந்தெடுங்கள். அவர்கள் எடுத்துத் தருவதை அல்ல. அதன் வாடிக்கையாளர் ஆணையைக் கேளுங்கள். ஆணையில் வரைபடப் பதிப்பு 4 என்று இருக்கிறது. ஆணையை ஏற்கும் முன் யார் பரிசீலித்தார், 8.2.3 பதிவு எங்கே? அடுத்து மூலப்பொருள்: எந்த சப்ளையர், சோதனைச் சான்று உண்டா? பிறகு இயந்திரத்துக்குப் போகிறீர்கள். அங்கே எண்ணெய்க் கறை படிந்து செல்லோடேப் போட்டு ஒட்டிய வரைபடம். மூலையில் சின்ன எழுத்தில் பதிப்பு 3.

புதியவர் இந்த இடத்தில் மகிழ்ந்து போய் உடனே குறையை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். வேண்டியது இன்னும் நான்கு கேள்விகள். மூன்றுக்கும் நான்குக்கும் என்ன வித்தியாசம்? தலைப்பு மட்டும் மாறியதா, ஒரு துளையின் அளவு வரம்பே மாறியதா? பதிப்பு 4 வந்த பிறகு எத்தனை லாட் போயிருக்கிறது, இறுதி ஆய்வில் எந்தப் பதிப்பை வைத்துப் பார்த்தார்கள்? பழைய பிரதியைத் திரும்பப் பெறுவது யார் பொறுப்பு, அதற்கு வழி என்ன? பக்கத்து இரண்டு இயந்திரங்களில் என்ன பதிப்பு இருக்கிறது? இறுதி ஆய்வு பதிப்பு 4-ஐ வைத்தே நடந்து, மற்ற இயந்திரங்களிலும் 4 இருந்தால் அது ஓர் இடத்தில் நேர்ந்த தவறு. மூன்று இயந்திரத்திலும் 3 இருந்து, அளவு மாறிய பொருள் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்திருந்தால் அதுவே வேறு எடையுள்ள விஷயம். இரண்டுக்கும் தொடக்கம் அதே கறைபடிந்த தாள்.

எத்தனை சாம்பிள் பார்க்க வேண்டும்?

தணிக்கையில் பெரும்பாலும் சாம்பிளைத் தீர்மானிப்பது அனுபவ அறிவு; சூத்திரம் அல்ல. வழக்கமாக மூன்று முதல் ஐந்து வரை. எண்ணிக்கையைவிட எதை எடுக்கிறீர்கள் என்பதே முக்கியம்: புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருவர், இரவு ஷிஃப்ட் பதிவு ஒன்று, அவசரமாக அனுப்பிய ஆணை ஒன்று, மாற்றம் நடந்த பொருள் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே மாதத்திலிருந்து எடுக்காதீர்கள். மூன்றில் ஒன்று தவறினால் அதே வகையில் இன்னும் இரண்டு மூன்று பாருங்கள். குறை கிடைக்கும் வரை சாம்பிளைக் கூட்டிக்கொண்டே போவது மட்டும் கூடாது. அது வேட்டை.

பல கிளைகள் உள்ள நிறுவனத்துக்குச் சான்றளிக்கும்போது எத்தனை கிளைக்குப் போவது என்பதற்கு மட்டும் விதி உண்டு. கிளைகள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்து, சாம்பிள் எடுக்கத் தகுதி உள்ளவையாக இருந்தால், முதல் தணிக்கையில் எண்ணிக்கையின் வர்க்கமூலம். 25 கிளை என்றால் 5, அதோடு தலைமையகம்.

என்சி எழுதுவது எப்படி?

என்சி என்பது நான்-கன்ஃபார்மிட்டி, அதாவது தணிக்கையில் கண்ட குறையை எழுதும் குறிப்பு. தணிக்கையாளரின் கையெழுத்து என்றே இதைச் சொல்லலாம். நான்கைந்து வரிதான், ஆனால் ஆள் எப்படிப்பட்டவர் என்பதை அதுவே காட்டிவிடும். மூன்று பகுதி: தேவை என்ன, கண்டது என்ன, எந்த வகையில் பொருந்தவில்லை.

கேலிபரேஷன், அதாவது அளவுக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்ப்பது பற்றி ஓர் உதாரணம். மோசமான என்சி இப்படி இருக்கும்: ‘கருவிகளின் கேலிபரேஷன் சரியாகப் பராமரிக்கப்படவில்லை.’ எந்தக் கருவி? எது சரியில்லை? படிப்பவர் எதைத் திருத்துவார்?

நல்ல என்சி இப்படி: ‘தேவை: அளவீட்டுக் கருவிகள் குறிப்பிட்ட இடைவெளியில் கேலிபரேட் செய்யப்பட வேண்டும் (9001, பிரிவு 7.1.5.2), நிறுவனத்தின் கேலிபரேஷன் பட்டியலில் மைக்ரோமீட்டர்களுக்கான இடைவெளி 12 மாதம். கண்டது: இறுதி ஆய்வு மேஜையில் பயன்பாட்டில் இருந்த எம்-17 எண் மைக்ரோமீட்டரின் கேலிபரேஷன் கெடு ஏழு வாரங்களுக்கு முன் முடிந்திருந்தது. கெடு முடிந்த பிறகு அதைக் கொண்டு அளந்து மூன்று லாட்டுகள் விடுவிக்கப்பட்டுள்ளன. ஆய்வுப் பதிவுகள் பார்க்கப்பட்டன. பார்த்த ஆறு கருவிகளில் ஒன்று. குறை: கெடு முடிந்த கருவி பயன்பாட்டிலிருந்து விலக்கப்படுவதை முறைமை உறுதி செய்யவில்லை.’ நிஜ என்சியில் அந்த மூன்று லாட்டுகளின் எண்களும் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் மேலாளர் தொலைபேசியில் உங்களைக் கூப்பிட்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை. அதுவே அளவுகோல். ஊழியரின் பெயரை எழுதாதீர்கள், பதவியைக் குறிப்பிடுங்கள். ‘போதுமானதாக இல்லை’, ‘திருப்தியில்லை’, ‘சில இடங்களில்’ போன்ற சொற்கள் பேனா முனைக்கு வந்தால் அந்த இடத்தில் ஆதாரம் குறைகிறது என்று பொருள். எந்த ‘ஷால்’ மீறப்பட்டது என்று சுட்டிக்காட்ட முடியவில்லையா? அப்போது அது என்சி அல்ல, உங்கள் விருப்பம்.

மூன்றாம் தரப்பில் இன்னும் இரண்டு எல்லைகள் உண்டு. சான்றளிப்பு அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17021-1 இவற்றை வரையறுக்கிறது. காரணத்தையோ தீர்வையோ நீங்கள் சொல்லக் கூடாது. என்சியாக எழுத வேண்டியதை ‘மேம்பாட்டு வாய்ப்பு’ என்று மென்மையாக்கியும் எழுதக் கூடாது. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. வாடிக்கையாளரின் முகம் வாடுவதைப் பார்க்கச் சங்கடப்பட்டுச் செய்வது. அடுத்த வருடம் அதே கோளாறு பெரிதாகி நிற்கும்போது, போன அறிக்கையில் உங்கள் பெயர் இருக்கும்.

மேஜரா மைனரா என்று எப்படி முடிவு செய்வது?

முறைமை தன் நோக்கத்தை அடையும் திறனைப் பாதிக்கிறதா என்று கேளுங்கள். பாதித்தால் மேஜர். ஒரு தேவை முழுவதுமே செயல்படவில்லை (உதாரணமாக, வருடம் முழுக்க உள் தணிக்கையே நடக்கவில்லை), அல்லது தவறான பொருள் வாடிக்கையாளரிடம் போகிறதா என்ற பெரிய சந்தேகம் எழுகிறது என்றால் மேஜர். ஒரே தேவையில் பல மைனர்கள் சேர்ந்து முறைமையே தளர்ந்திருப்பதைக் காட்டினாலும் மேஜர். மற்றவை மைனர். முதல் சான்றிதழுக்கான தணிக்கை இரண்டு கட்டம்: முதல் கட்டம் தயார்நிலையைப் பார்ப்பது, இரண்டாம் கட்டம் செயல்பாட்டைப் பார்ப்பது. இரண்டாம் கட்டத்தில் மேஜர் வந்தால், கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் திருத்தம் சரிபார்க்கப்பட வேண்டும். இல்லையேல் அந்தக் கட்டம் மறுபடி முதலிலிருந்து.

என்சிக்கு நிறுவனத்தின் பதில் வந்ததும் அதை மதிப்பிடுவதும் உங்கள் பொறுப்பு. கருவியைக் கேலிபரேஷனுக்கு அனுப்புவது உடனடித் திருத்தம். ஏன் கெடு தாண்டியது என்று கண்டு அந்த ஓட்டையை அடைப்பது திருத்த நடவடிக்கை. ‘ஊழியருக்கு மறுபயிற்சி அளித்தோம்’ என்ற பதிலே நூற்றுக்கு நூறு வந்தால் காரணத்தை யாரும் தேடவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். எம்-17 கதையில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: கருவி அனுப்பப்பட்டபோது பிழையோடு இருந்ததா? இருந்தால், விடுவித்த மூன்று லாட்டுகளின் கதி என்ன?

கேள்வி கேட்பதில் என்ன நுணுக்கம்?

வேலை செய்பவரிடம் கேளுங்கள், அவருடைய மேலாளரிடம் அல்ல. ‘நடைமுறைப்படி செய்கிறீர்களா?’ என்றால் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார். ‘இப்போது கையில் இருக்கும் வேலையை எப்படித் தொடங்கினீர்கள்?’ என்றால் அவரே எல்லாவற்றையும் சொல்வார். பிறகு ‘அளவு தப்பினால் என்ன செய்வீர்கள்?’, பிறகு ‘கடைசியாக அப்படி நடந்ததைக் காட்ட முடியுமா?’. கேட்டபின் பேசாமல் இருங்கள். ஐந்து விநாடி மௌனத்தைப் பொறுக்க முடியாமல் தணிக்கையாளரே பதிலை எடுத்துக்கொடுப்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது.

கூட வரும் மேலாளர் ஊழியருக்குப் பதிலாகப் பேசினால் முறைக்க வேண்டாம். ‘நன்றி சார், இவர் எப்படிச் செய்கிறார் என்று இவர் வாயால் கேட்டுக்கொள்கிறேன்’ என்றால் போதும். ஊழியர் பதறுகிறார் என்றால், முதலில் அவருக்கு நன்றாகத் தெரிந்த இயந்திரத்தைப் பற்றிக் கேளுங்கள். நாம் பார்ப்பது ஏற்பாட்டை, அவரை அல்ல. அதை வாயால் சொல்லியும்விடுங்கள்.

சான்றளிப்பு அமைப்பில் எப்படி நுழைவது?

தணிக்கைப் பதிவேடு ஒன்றை முதல் உள் தணிக்கையிலிருந்தே வைத்திருங்கள்: தேதி, நிறுவனம், தரநிலை, தணிக்கை வகை, உங்கள் பங்கு, நாட்கள், பார்த்த செயல்முறைகள், உறுதிப்படுத்தக்கூடிய அணித் தலைவர். பின்னால் நினைவிலிருந்து எழுதியதைச் சரிபார்க்கும்போது நாட்கள் ஒத்துப்போகாது. விண்ணப்பத்தோடு வேலை அனுபவக் கடிதங்களையும் சேர்த்து அனுப்புங்கள். ‘சீனியர் இன்ஜினியர்’ என்ற பதவி மட்டும் இருந்தால் கோடு வழங்க முடியாது. எந்தச் செயல்முறையில் என்ன செய்தீர்கள் என்று எழுதி வாங்குங்கள்.

எடுத்துக்கொண்டால் முதலில் பார்வையாளராக, பிறகு பயிற்சியில் இருப்பவராக அனுப்புவார்கள். தகுதி தரும் முன் மூத்தவர் ஒருவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் தணிக்கை செய்வதைக் கவனிப்பார். விட்னஸ் ஆடிட் என்பது இது. அதில் பெரும்பாலும் சறுக்குவது நேர நிர்வாகத்தில்: காலை முழுக்க ஒரே துறையில் மாட்டிக்கொண்டு, மாலையில் மூன்று செயல்முறையை இருபது நிமிடத்தில் ஓட்டுவது.

நீங்கள் சான்றிதழ் தருபவர் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். பரிந்துரைக்கிறீர்கள், முடிவெடுப்பது தணிக்கையில் பங்கேற்காத வேறொருவர். ஆகவே நிறைவுக் கூட்டத்தில் ‘நீங்கள் பாஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

தணிக்கை நாட்களை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஐஏஎஃப் எம்டி 5 ஆவணத்தின் அட்டவணைப்படி. ஐஎஸ்ஓ 9001-க்கு, 60 பேர் வேலை செய்யும் இடம் 46 முதல் 65 வரையிலான வரிசையில் விழும்: முதல், இரண்டாம் கட்டம் சேர்த்து 5 நாள். நாள் என்பது 8 மணி நேரம். காரணம் காட்டிக் குறைக்கலாம், 30 சதவீதத்துக்கு மேல் கூடாது. திட்டமிடலும் அறிக்கையும் போக 80 சதவீதமாவது நேரடித் தணிக்கையாக இருக்க வேண்டும். சான்றிதழ் சுழற்சி 3 வருடம். இடையில் வருடாந்தர சர்வைலன்ஸ் (கண்காணிப்புத் தணிக்கை) சுமார் மூன்றில் ஒரு பங்கு, இங்கே ஒன்றரை நாள். மறுசான்றளிப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றரை நாள். 60 பேர் உள்ள இடத்தை ஒரே நாளில் முடித்துச் சான்றிதழ் தருகிறோம் என்று யாராவது உங்களை அழைத்தால், அந்த அமைப்பில் சேராதீர்கள். அங்கே சேரும் தணிக்கைப் பதிவை நல்ல அமைப்பு எதுவும் மதிக்காது.

ஆலோசகராகவும் தணிக்கையாளராகவும் ஒரே நேரத்தில் இருக்கலாமா?

இருக்கலாம், ஒரே வாடிக்கையாளரிடம் கூடாது. நீங்கள் ஆலோசனை சொன்ன நிறுவனத்தைத் தணிக்கை செய்யக் குறைந்தது 2 வருட இடைவெளி என்பது ஏற்கப்பட்ட நடைமுறை. முன்பு வேலை பார்த்த நிறுவனம், உறவினர் நடத்தும் நிறுவனம், பங்கு வைத்திருக்கும் நிறுவனம் எதுவானாலும் ஒதுக்கீடு வந்தவுடன் எழுத்தில் தெரிவியுங்கள். தணிக்கை நாளன்று தெரிந்தால் தவறு சான்றளிப்பு அமைப்புடையதாகாது, உங்களுடையது. பரிசுப் பொருளை மரியாதையாக மறுத்துவிடுங்கள். வேலைக்கிடையே சாப்பிடும் எளிய மதிய உணவில் தவறில்லை.

தொலைவிலிருந்து, வீடியோ மூலம் தணிக்கை செய்ய முடியுமா?

பகுதியளவு முடியும், விதிகளும் இருக்கின்றன. ஆவணம், பேட்டி, மென்பொருள் பதிவுகளுக்கு நன்றாக ஒத்துவரும். இரசாயனக் கிடங்கின் வாடை, இயந்திரத்தின் இரைச்சல், தரையில் கசிந்த எண்ணெய் எதுவும் கேமராவில் வராது. கேமராவை யார் பிடிக்கிறாரோ அவர் காட்டுவதே உங்களுக்குத் தெரியும்; ‘இடதுபக்கம் திருப்புங்கள், அந்த அலமாரியைத் திறங்கள்’ என்று சொல்லப் பழகுங்கள்.

முழுநேர வேலையா, தனியாக ஒப்பந்த அடிப்படையிலா?

முதல் மூன்று வருடம் முழுநேர வேலை நல்லது: அறிக்கைகளை யாராவது திருத்தித் தருவார்கள், கோடுகள் கூடும். ஒப்பந்தத் தணிக்கையாளருக்கு நாள் கணக்கில் ஊதியம். ஆனால் பயண நேரம், தயாரிப்பு, அறிக்கை, என்சி பதில்களைச் சரிபார்ப்பது ஆகியவை அந்த நாளுக்குள் அடங்குமா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். இரண்டு நாள் தணிக்கைக்கு உண்மையில் மூன்றரை நாள் ஆகும். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்க நேரிடும் என்பதை வீட்டிலும் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த வாரமே ஆரம்பிக்க வேண்டும், என்ன செய்யட்டும்?

உங்கள் நிறுவனத்தில் தரப் பிரிவுக்குப் போய், அடுத்த உள் தணிக்கையில் பார்வையாளராக வரலாமா என்று கேளுங்கள். போன வருட என்சிகளில் பத்தை வாங்கி, ஒவ்வொன்றிலும் தேவை, ஆதாரம், குறை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவற்றைத் திருத்தி எழுதிப் பாருங்கள். பிறகு அந்தப் பத்தில் ஒன்றின் திருத்தம் இன்றும் நிற்கிறதா என்று களத்துக்கே போய்ப் பார்த்து, கண்டதை எண்ணும் தேதியுமாக எழுதி வையுங்கள்.